சிங்காநல்லூர் தந்த நாடகச் செம்மல் எஸ்.வி. சகஸ்ரநாமம்

கோவை மாநகரின் பெயரைச் சொன்னால் பஞ்சாலைகளும் பம்புசெட்டுகளும் நினைவுக்கு வருவதுபோல நாடகக் கலை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. நாடகத்திற்கு மதுரையையும் தஞ்சையையும் காட்டுவதே வழக்கம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடக மேடையில் எழுத்தாளனுக்கு ஓர் உயர்ந்த இருக்கை இட்டுத் தந்த பெருமகனார் ஒருவர், நம் நகரை ஒட்டிய சிங்காநல்லூரில் பிறந்தவர். அவர்தாம் எஸ்.வி. சகஸ்ரநாமம். அவர் பெயரில் உள்ள முதலெழுத்தே ஊரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. இன்றைய மாணவர்கள் அவரைப் பழைய திரைப்படங்களில் கண்ணியமான தந்தையாகவோ மூத்த அண்ணனாகவோ மட்டும் அறிவர். அவர்தம் வாழ்வில் திரைப்படம் ஒரு பகுதியே. அதுவும் முதன்மையான பகுதியன்று.

1913ஆம் ஆண்டு பிறந்த சகஸ்ரநாமம், மீசை அரும்பாத பருவத்திலேயே வீட்டையும் பள்ளியையும் துறந்து நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்நாளில் நாடகக்காரனாவது என்பது மதிப்புக்குரிய குடும்பங்கள் ஏற்றுக்கொண்ட செயலன்று. கூத்தாடி என்னும் சொல்லே ஒரு வசையாக வழங்கிய காலம் அது. படிப்பையும் உத்தியோகத்தையும் நம்பிய குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை அரிதாரம் பூசத் துணிந்தது எத்தகைய கலகம் என்பதை இன்று நாம் முழுமையாக உணர்ந்துகொள்வது அரிது.

அவர் சேர்ந்த குழு டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வரும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் நிழலில் வளர்ந்த பரம்பரையினர். சுவாமிகள் 1922இல் புதுவையில் மறைந்தபின், 1925இல் அவர்கள் சொந்தக் குழு கண்டனர். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்த இத்தகைய குழுக்களின் வாழ்க்கை, ஏறத்தாழ ஒரு குருகுல வாழ்க்கை. ஊர் ஊராக முகாம், கம்பெனி வீட்டில் உணவும் உறக்கமும், பகலில் பாட்டும் பாடமும், இரவில் நாடகம். நாடக ஆசிரியரை வாத்தியார் என்றே அழைத்தனர். உச்சரிப்புப் பிசகினால் வாத்தியாரின் கை பேசும். ஸ்திரீபார்ட்டிலிருந்து ராஜபார்ட் வரை எவ்வேடமும் எவருக்கும் வரலாம். நடிகனுக்கு ஒருநாள் உடல் நலம் குன்றினால், மறுநாள் அவன் பாடத்தை ஒப்பிக்க மற்றொரு சிறுவன் ஆயத்தமாக நிற்பான். கல்லூரிகளில் நாடகம் ஒரு தாளாக இடம்பெறுவதற்கு மிக முன்னரே, தமிழகத்தில் முறையான நடிப்புப் பயிற்சியை அளித்தவை இக்கம்பெனிகளே என்பது என் துணிபு.

அக்குழுவில் சகஸ்ரநாமம் பெற்றது நடிப்பு மட்டுமன்று. வெ. சாமிநாத சர்மா எழுதித் தடைக்கு உள்ளான 'பாணபுரத்து வீரன்' நாடகத்தை, 'தேசபக்தி' என்னும் பெயரில் 1931இல் அரங்கேற்றிய குழு அது. மேடை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, ஒரு பொறுப்பு என்னும் எண்ணம் அங்கே காற்றோடு கலந்திருந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நட்பும் அங்குதான் வாய்த்தது. இவ்விரண்டு பேறுகளும் பின்னாளில் அவர் வாழ்வை வகுத்தன.

1935இல் அக்குழுவின் புகழ்பெற்ற நாடகமான 'மேனகா' திரைப்படமாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவியது அது. இயக்கியவர் ராஜா சாண்டோ. அதனை உருவாக்கியவர்கள் திருப்பூரைச் சேர்ந்த எம். சோமசுந்தரம், எஸ்.கே. மொகிதீன் முதலியோர் என்பது கொங்கு நாட்டினர் நினைவில் வைக்கத்தக்க செய்தி. இவ்விரு நண்பர்களும் நடத்திய ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனம் தமிழ்த் திரையுலகின் தூண்களுள் ஒன்றாக விளங்கியது. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று நடத்திய அத்தொழில், ஒப்பந்தத்தைக் காட்டிலும் நட்பினால் கட்டப்பட்டது என்று மூத்தோர் சொல்லக் கேட்டதுண்டு. 'மேனகா' கதையிலும் இதற்கு ஒப்ப ஓர் அமைதி உண்டு. வஞ்சகரால் விற்கப்பட்ட மேனகாவின் மானத்தைக் காத்து அடைக்கலம் தருபவள், நூர்ஜஹான் என்னும் முஸ்லிம் பெண்மணியே. தன் கணவனின் தவற்றைத் தட்டிக்கேட்கும் துணிவும், அயலாள் ஒருத்தியைத் தன் உடன்பிறந்தாளாய் அணைக்கும் பரிவும் கொண்ட அப்பாத்திரம் தமிழ் நாவல் உலகில் தனியே ஆராயத்தக்கது. தமிழ்த்துறை மாணவர் எவரேனும் அதனை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். சகஸ்ரநாமத்தின் திரை நுழைவு இப்படத்தில்தான் நிகழ்ந்தது.

மற்றொரு வியப்பையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். கலையைத் தேடிச் சிங்காநல்லூரை விட்டுச் சென்ற சிறுவனுக்குப் பின்னால், கலையே சிங்காநல்லூரைத் தேடி வந்தது! 1930களின் நடுப்பகுதியில் அங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. ஜூபிடர் நிறுவனத்தார் அங்கே பல படங்களை எடுத்தனர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அவற்றுள் ஒன்று.

இனி, சகஸ்ரநாமத்தின் வாழ்வில் மிகக் கடினமான சோதனைக்கு வருவோம். பின்னாளில் அவர் கலைவாணரின் நாடகக் குழுவில் இணைந்து அதன் நிருவாகத்தில் துணை நின்றார். 1944ஆம் ஆண்டு இறுதியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கலைவாணரும் கைது செய்யப்பட்டார். 1945இல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்குப் பின் 1947இல்தான் விடுதலை கிட்டியது. தலைவன் சிறையில், வெளியே வழக்குச் செலவு, குழுவை நம்பி எத்தனையோ குடும்பங்கள். திரையுலகில் ஒருவர் வீழ்ந்தால் சுற்றியிருந்தோர் கலைந்துபோவது இயல்பு. சகஸ்ரநாமம் கலையவில்லை. டி.ஏ. மதுரம் அம்மையாருக்குத் துணையாக நின்று குழுவைக் கட்டிக் காத்தார். அக்காலத்தே பிளவும் நேர்ந்தது, கே.ஆர். ராமசாமி தனியே கிருஷ்ணன் நாடக சபா கண்டார். அதனை யார் பிழை என்று இன்று ஆராய்வதில் பயனில்லை. இரு குழுக்களுமே தமிழ் நாடகத்திற்கு நன்மை செய்தன.

அந்த நெருக்கடிக் காலத்தில் மேடையேறிய நாடகம் 'பைத்தியக்காரன்'. முதியவர் ஒருவர் இளம்பெண்ணை மணக்கும் கொடுமையைச் சாடிய சீர்திருத்த நாடகம் அது. அதனைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாக்கினர், 1947இல் வெளிவந்தது. விடுதலையாகி வந்த கலைவாணருக்கும் அதில் இடம் கிடைத்தது. சிறையிலிருந்து மீண்டவர், தம் குழு உயிரோடு இருப்பதைக் கண்டார். இதைவிடப் பெரிய நட்புக் கடன் வேறென்ன?

1950களின் தொடக்கத்தில் சகஸ்ரநாமம் தமக்கென ஒரு குழுவை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சேவா ஸ்டேஜ்'. 'சபா' என்றோ 'கம்பெனி' என்றோ பெயரிடாமல், தொண்டு என்னும் பொருள்பட அமைத்தது கருத்துடையது. தொடக்கத்தில் அரங்கேறிய 'கண்கள்' நாடகம், சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடிக்க 1953இல் திரைப்படமாகவும் வந்தது.

சேவா ஸ்டேஜின் தனிச்சிறப்பு யாது? அதுவரை பெரும்பாலான குழுக்களில் நாடகம் எழுதுவோர் குழுவுக்குள்ளேயே இருந்தனர். அல்லது புகழ்பெற்ற நாவல்கள் நாடகமாக்கப்பட்டன. சகஸ்ரநாமமோ, சிறுகதையிலும் நாவலிலும் தடம் பதித்த இலக்கியவாணர்களின் வாயிலுக்கே சென்று நாடகம் எழுதித் தருமாறு வேண்டினார். 'மணிக்கொடி' இதழைச் சிறுகதைக்கென நடத்திய பி.எஸ். ராமையா, அவருக்காகவே நாடகாசிரியரானார் எனில் அது மிகையாகாது. 'பிரசிடென்ட் பஞ்சாட்சரம்', 'மல்லியம் மங்களம்', 'போலீஸ்காரன் மகள்', 'தேரோட்டி மகன்' எனத் தொடர்ந்து எழுதினார். தி. ஜானகிராமன் 'நாலுவேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' ஆகியவற்றைத் தந்தார். கு. அழகிரிசாமி கம்பரைப் பாத்திரமாக்கிக் 'கவிச்சக்கரவர்த்தி' எழுதினார். இம்மூவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். தமிழ் உரைநடையின் மூன்று பெரும் கைகளை ஒரே மேடைக்குக் கொண்டுவந்த நடிகர் வேறு எவரும் தமிழகத்தில் எனக்குத் தெரிந்தவரை இலர்.

இவற்றுள் 'தேரோட்டி மகன்' பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். கர்ணனின் கதை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்படுவது. ராமையா அக்கதைக்கு இட்ட பெயரிலேயே நாடகத்தின் திறவுகோல் உள்ளது. தேரோட்டியின் மகன் என்பதால் ஒரு வீரன் அவையில் இகழப்படுகிறான். பிறப்பினால் வரும் இழிவை அவன் தன் ஆற்றலினால் வெல்ல முயல்கிறான். பழைய கதையைக் கொண்டு நிகழ்காலத்தின் காயத்தைத் தொடும் முறை அது. புராண நாடகம் என்றால் இந்திரசபையும் மின்விளக்கு விந்தையும் என்று பழகிய பார்வையாளர் முன், உரையாடலின் வலிமையை நம்பி அத்தகைய நாடகத்தை வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

பாரதியின்பால் அவர் கொண்ட பற்று மற்றொரு துணிவைத் தந்தது. 'பாஞ்சாலி சபதம்' என்னும் காவியத்தை அவர் மேடையேற்றினார். முதற் பகுதி 1912இல் அச்சேறிய அக்காவியம் அதுகாறும் படிக்கவும் பாடவும் மேற்கோள் காட்டவும் பயன்பட்டது. அதனை நடிகரின் வாய்மொழியாக்கிக் காட்டுவதற்குச் செய்யுளைச் செய்யுளாகவும் பேச்சாகவும் ஒருங்கே ஒலிக்கச் செய்யும் பயிற்சி வேண்டும். பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாரிடம் பெற்ற அந்த உச்சரிப்புப் பயிற்சி இங்கே கைகொடுத்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? திரைப்படத்திலிருந்தே வந்தது. 'பராசக்தி' (1952) படத்தில் மூன்று சகோதரர்களுள் மூத்தவரான சந்திரசேகரனாக அவர் நடித்தார். பர்மாவிலிருந்து அகதிகளோடு நடந்து வந்து நீதிபதியாகும் பாத்திரம். அப்படத்தின் நீதிமன்றக் காட்சியை அறியாத தமிழர் இலர். அனைவரும் சிவாஜி பேசியதையே நினைவில் கொள்வர். நான் மாணவர்க்குச் சொல்வது, அடுத்த முறை காணும்போது நீதிபதி கேட்கும் முறையைக் கவனியுங்கள் என்பதே. தம் தங்கை கூண்டில் நிற்பதை அறியும் கணத்தில் அந்த முகத்தில் நிகழும் மாற்றம், மேடையில் பல்லாண்டு பழகிய ஒருவர்க்கே கூடும். அடுத்து, ஸ்ரீதர் இயக்கிய 'போலீஸ்காரன் மகள்' (1962). கடமைக்கும் பாசத்துக்கும் இடையே சிக்கித் தவிக்கும் காவலராக, மிகையின்றி அவர் நடித்த நடிப்பு நெஞ்சை விட்டு நீங்காதது.

திரையில் ஈட்டியதை மேடையில் செலவிடும் இவ்வழக்கத்தை வடநாட்டில் பிருத்விராஜ் கபூரிடமும் காண்கிறோம். 1944இல் அவர் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ், 1960இல் ஓய்ந்தது. சகஸ்ரநாமத்துக்கும் இழப்புகள் வந்தன. 'நாலுவேலி நிலம்' நாடகத்தை 1959இல் தாமே படமாகத் தயாரித்தார். முக்தா வி. சீனிவாசன் இயக்கினார். படத்துக்கு மக்கள் ஆதரவு போதவில்லை. மேடையில் வென்ற கதை திரையில் தோற்பது புதிதன்று. ஆயினும் அதன் சுமையைத் தாங்கியவர் நாடகக் குழு நடத்தும் ஒருவர் என்பதை மறக்கலாகாது.

அவரிடம் பயின்றோர் வரிசையில் ஆர். முத்துராமன் முதன்மையானவர், சேவா ஸ்டேஜ் மேடையிலிருந்து திரைக்குச் சென்று கதாநாயகனானார். கோமல் சுவாமிநாதனுக்கும் அதுவே தாய்வீடு. 'புதிய பாதை', 'மின்னல் காலம்' ஆகியவற்றை அங்கு எழுதிப் பழகிய அவர், பின்னர்த் தனிக்குழு கண்டு, 1980இல் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை அரங்கேற்றினார். குடிநீருக்கு ஏங்கும் ஒரு வறண்ட சிற்றூரின் கதை அது. அதன் ஆண்மைக்கு வேர் எங்கே என்று தேடினால், எழுத்தாளனை மதித்த அந்தப் பழைய மேடையில்தான் கிடைக்கும்.

1967ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது சகஸ்ரநாமத்தைத் தேடி வந்தது. அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. சென்னைச் சபாக்களில் நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்த நாடகங்கள் பெருகின. மாதச் சம்பளம் தந்து நடிகர்களை வைத்துக் காக்கும் முழுநேரக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபின், மாலை நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வருவோரும் குறைந்தனர். 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில் சகஸ்ரநாமம் மறைந்தார்.

அவருக்காக எழுதப்பட்ட நாடகங்களுள் சில நூல்வடிவிலும் வந்தன. 'வடிவேலு வாத்தியார்', 'நாலுவேலி நிலம்', 'தேரோட்டி மகன்' ஆகியவற்றைப் பழைய நூலகங்களில் தேடிப் பெறலாம். நம் கல்லூரி ஆண்டு விழாவில் மேடையேற்றுவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் 'தேரோட்டி மகன்' என்பேன். ஒத்திகைக்கு இரண்டு மாதமேனும் வேண்டும்; செய்யுள் நடையில் நா பழகிய மாணவர் இருவர் வாய்த்தால் போதும், மற்றவர்களை அவர்கள் இழுத்துச் செல்வார்கள்.