ஒரே குளிசைக்கு இரண்டு பெயர்: சேனக பிபிலேயின் கதை

கல்முனையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பத்து வருடமாக அவருக்குக் கவுட் நோய். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிந்துவிடும். பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்தால் போர்வை படுவதைக்கூடத் தாங்க மாட்டார். போன நோன்புக்கு முந்திய மாதம் அவருடைய மருந்துப் பையைப் பார்க்க நேர்ந்தது. கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைக்குள் அலோபியூரினோல் 100 மில்லிகிராம். தனியார் டொக்டர் ஒருவரின் துண்டுக்குப் பாமசியில் வாங்கிய அட்டையில் சைலோரிக் 300. இரண்டையும் நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே மருந்து. முதலாவது மருந்தின் சொந்தப் பெயர், மற்றது கம்பனி சூட்டிய பெயர். அவருக்குச் சிறுநீரகமும் பழுது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் குளிசையை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரத்தம் பரிசோதித்துப் பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

மருந்துக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த நாட்டில் வாழ்நாளைச் செலவழித்த ஒரு மனிதர் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. சிங்கள ஊடகங்கள் ஆண்டுதோறும் அவரை நினைவுகூரும். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அதற்குக் காரணமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

1920 பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தவர். அவருடைய பெயரில் இருக்கும் பிபிலே, அம்பாறைக்கு மேற்கே ஊவாவில் உள்ள ஊர். பழைய நிலவுடைமைக் குடும்பம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1945இல் முதல் வகுப்பில் தேறினார். தங்கப் பதக்கங்களும் கிடைத்தன. தனியார் சிகிச்சையில் இறங்கியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவரோ எடின்பரோவுக்குப் போய் மருந்தியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். பிறகு பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி.

அந்த நாட்களில் ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பெயருக்கு ஒரு விலை. எதை எழுதுவதென்று வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள்தான். அரச ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துப் பட்டியலைச் சுருக்கி, மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயரிலேயே வழங்கும் வேலையில் பிபிலே ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டார். கம்பனி சாராத தகவல் வைத்தியர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்.

விலை மட்டுமே இங்கே பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. அலோபியூரினோலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிபிலே கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், 1966இல், அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அது. ஜெர்ட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்குக் கொடுக்கும் அசத்தியோபிரினும் அதே ஆய்வுகூடத்தின் பிள்ளைதான். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரு வயிற்றுக்குள் ஒன்றாகப் போகக் கூடாது. அலோபியூரினோல் அசத்தியோபிரினை உடம்பில் தேங்க வைத்துவிடும், எலும்பு மச்சை படுத்துவிடும். தவிர்க்க முடியாமல் சேர்த்துக் கொடுப்பதானால் அசத்தியோபிரினின் அளவைக் கால்வாசியாகக் குறைத்து, இரத்தத்தை அடிக்கடி பரிசோதிப்பார்கள். சிலருக்கு அலோபியூரினோல் தொடங்கிய முதல் எட்டு வாரங்களுக்குள் தோல் சிவந்து, கொப்புளித்து, உயிருக்கே ஆபத்தாகும். தடிப்பு கண்டால் அடுத்த வேளைக் குளிசையைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகிறவர் கையில் கம்பனிப் பெயர் மட்டும் இருந்து, அந்தப் பெயர் அங்குள்ளவருக்குப் பழக்கமில்லை என்றால், தேடிக் கண்டுபிடிக்கும்வரை நேரம் ஓடும்.

1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்தது. சமசமாஜக் கட்சிக்காரரான பிபிலே, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அதன் பயனாகப் பிறந்தது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். அவரே முதல் தலைவர். இன்று நாம் ஒசுசல என்று போய் நிற்கும் கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியதில் சில மருந்துகளின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கி வைத்திருந்த மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் செய்து தரும்படி பைசர் நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. நிறுவனம் மறுத்தது. அரசாங்கம் ஆலையைச் சுவீகரிக்க யோசித்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார். கடைசியில் மருந்தைக் கூடிய விலைக்கு வெளியிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. சனம் நோயில் கிடக்கும்போது நடந்த இழுபறி இது. சிறிய நாடு ஒன்று எவ்வளவு தூரம் போகலாம் என்பதை பிபிலே அங்கேதான் கண்டிருப்பார்.

தமிழில் அவர் அதிகம் பேசப்படாததற்கான காரணம் இனி. அதே அரசாங்கம்தான் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. மருத்துவ பீடக் கனவோடு படித்த எத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்க்கையை அது திருப்பிவிட்டது என்பது நம் வீடுகளில் தெரியும். 1972 அரசியலமைப்பை எழுதிய கொல்வின் ஆர். டி சில்வாவும் பிபிலேயின் கட்சிக்காரர்தான். மருந்தில் ஏழையின் பக்கம் நின்ற கட்சி மொழியில் நம் பக்கம் நிற்கவில்லை. அந்தக் கசப்பை மறைத்து பிபிலேயைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

இருந்தும், அவர் விட்டுப்போன பழக்கம் யுத்த காலத்தில் நமக்கு உதவியது. வடக்கு கிழக்கில் மருந்துக்கே தடை இருந்த ஆண்டுகளில், அனுமதிக்கப்பட்ட கொஞ்சம் பெட்டிகளும் மருந்தின் சொந்தப் பெயரோடுதான் வந்தன. முகாமுக்கு முகாம் இடம்பெயர்ந்தவர்களின் கிளினிக் கொப்பியில் அந்தப் பெயர் இருந்தால், புதிய இடத்து வைத்தியர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கொப்பியும் தொலைந்தவர்கள் குளிசையின் நிறத்தைச் சொன்னார்கள். நிறத்தை வைத்து என்ன செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியிலும் அதையே கண்டோம். மாதத்துக்கு மாதம் கம்பனி மாறியது, அட்டை மாறியது.

1977இல் ஆட்சி மாறியது. பிபிலே அப்போது ஐக்கிய நாடுகள் சபைக்காக, மற்ற ஏழை நாடுகளும் இந்த வழியில் போவதற்கு உதவிக்கொண்டிருந்தார். அந்த வேலையாகப் போன இடத்தில், தென்னமெரிக்காவின் கயானாவில், செப்டெம்பர் 29ஆம் திகதி காலமானார். வயது 57. மாரடைப்பு என்றார்கள். சந்தேகப்படுபவர்கள் இன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அலோபியூரினோல் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர் கேட்ட தேசிய மருந்துக் கொள்கையைத் தாங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2015வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வளவுப் பெரியவரை அன்றே இரண்டு உறைகளோடும் கிளினிக்குக்கு அனுப்பினோம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு 100 மில்லிகிராம் மட்டும் போடச் சொன்னார்களாம், மறு மாதமும் வரச் சொல்லி. சைலோரிக் அட்டையை அவருடைய மகள் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். அதன் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், அலோபியூரினோல் என்று இருக்கிறது.