தலையில் மூட்டை, பையில் 20 பவுன்!
நடந்தே ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்

1790-ம் ஆண்டு, ஜூலை மாதம் 13-ந் தேதி மாலை. பிரான்சு நாட்டில் உள்ள கலே துறைமுகத்தில் இரண்டு ஆங்கில வாலிபர்கள் கப்பலில் இருந்து இறங்கினார்கள்.

இருவருக்கும் ஒரே துணியில் தைத்த கோட்டு. ஆளுக்கு ஒரு கைத்தடி. மாற்று உடைகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருந்தார்கள். போகிற ஊரில் எல்லாம் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பார்க்கமாட்டார்களா, பின்னே! இங்கிலாந்துப் பணக்காரப் பிள்ளைகள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வருவது அந்தக் காலத்தில் வழக்கம்தான். ஆனால் அவர்கள் குதிரை வண்டியில் வருவார்கள். கூடவே வாத்தியாரும் வேலைக்காரரும் வருவார்கள். நடந்து போகிறவன் என்றால் பரம ஏழை, அல்லது ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவன் என்று அர்த்தம்.

இந்த இருவரோ கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மாணவர்கள். ஒருவர் ராபர்ட் ஜோன்ஸ். வேல்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். சிரித்த முகம், பருத்த உடம்பு. மற்றவர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். வயது 20. பிற்காலத்தில் ஆங்கில நாட்டின் அரசவைக் கவிஞர் ஆனவர் இவர்தான்.

ஆளுக்குச் சுமார் 20 பவுன். அதுதான் அவர்களிடம் இருந்த பணம்.

தாயும் இல்லை, தகப்பனும் இல்லை

வேர்ட்ஸ்வொர்த் 1770-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, இங்கிலாந்தின் வடக்கே காக்கர்மவுத் என்ற ஊரில் பிறந்தார். உடன்பிறந்தவர்கள் நாலு பேர். அவருக்கு எட்டு வயது நிறையும் முன்பே தாய் இறந்துபோனாள். ஒரே தங்கை டாரதியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் மறுபடி ஒருவரையொருவர் பார்க்க ஒன்பது ஆண்டு ஆயிற்று.

1783-ம் ஆண்டின் கடைசியில் தகப்பனும் காலமானார். அவர் ஜேம்ஸ் லோதர் என்ற பெரும் பிரபுவிடம் வக்கீலாக வேலை பார்த்தவர். பிரபு அவருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி 4 ஆயிரம் பவுனுக்கு மேல் இருந்தது. அநாதைப் பிள்ளைகள் கேட்டார்கள். வழக்கும் போட்டார்கள். பிரபு தம் உயிர் உள்ளவரை அந்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லை.

தாய்மாமனும் பெரியப்பாவும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர்கள். அவர்கள் தயவில்தான் வில்லியம் படித்தார். நன்றாகப் படித்துப் பரீட்சையில் முன்னுக்கு வந்தால் கல்லூரியிலேயே உத்தியோகம் கிடைக்கும். இல்லாவிட்டால் பாதிரியார் வேலைக்குப் போகலாம். இதுதான் பெரியவர்கள் போட்ட கணக்கு.

கடைசிப் பரீட்சை 1791 ஜனவரியில். அதற்கு முந்திய கோடை விடுமுறையில் விழுந்து விழுந்து படிக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் வேர்ட்ஸ்வொர்த் பெரியவர்களிடம் யோசனை கேட்காமல் கிளம்பினார். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டாரைக் கேட்டால் இது பொறுப்பில்லாத காரியம். தப்பென்று சொல்லவும் முடியாது.

ஊரெல்லாம் திருவிழா

அவர்கள் இறங்கிய மறுநாள் ஜூலை 14. பாரிஸ் நகரில் பாஸ்டில் சிறை தகர்ந்து சரியாக ஓர் ஆண்டு! பிரான்சு முழுவதும் கொண்டாட்டம். தெருவெல்லாம் பூத்தோரணம்.

இருவரும் பாரிசுக்குப் போகவில்லை. நகரத்தில் தங்கினால் பணம் கரையும். தவிர, அவர்கள் பார்க்க விரும்பியது ஆல்ப்ஸ் மலையை. சில நாள் 20 மைல், சில நாள் 30 மைல் என்று தெற்கு நோக்கி நடந்தார்கள். சோன் நதியில் படகேறி லியோன் நகருக்குப் போனார்கள். பாரிஸ் விழாவுக்குப் போய்த் திரும்பும் பிரதிநிதிகள் வழியில் சேர்ந்துகொண்டார்கள். ஆங்கிலேயர் என்று தெரிந்ததும் கட்டித் தழுவினார்கள். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஆடிப் பாடினார்கள்.

வழியில் அவர்கள் கடந்த ஊர்களில் ஒன்று அராஸ். அங்கேயும் அன்று ஒரே ஆனந்தம். அந்த ஊரில் பிறந்த ரோபஸ்பியர்தான் பிறகு நாட்டையே நடுங்க வைத்தான். 1794-ல் அவன் தலை உருண்ட செய்தி வந்தபோது, வேர்ட்ஸ்வொர்த்துக்கு அந்தப் பூத்தோரணங்கள் ஞாபகம் வந்தன.

ஏமாற்றிய மலை

ஜெனிவா வழியாக ஷாமொனிக்குப் போய் மோன் பிளாங்க் சிகரத்தைப் பார்த்தார்கள். ஐரோப்பாவே புகழும் சிகரம். ஆனால் முதல் பார்வையில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு ஏமாற்றம்தான்! மனத்தில் கட்டி வைத்திருந்த மலை அதைவிடப் பெரியது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் சிம்ப்ளான் கணவாயில் காத்திருந்தது. ஆகஸ்டு 17-ந் தேதி கோவேறு கழுதைக்காரர்கள் சிலருடன் மலை ஏறினார்கள். ஒரு சத்திரத்தில் சாப்பாடு. கழுதைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். இருவரும் சற்றுத் தாமதித்துக் கிளம்பினார்கள். பாதை ஓர் ஓடையில் இறங்கியது. எதிர்க்கரையில் மேலே ஏறும் தடம் தெரிந்தது. ஆல்ப்ஸ் மலையின் உச்சியைத் தொடப்போகிறோம் என்ற ஆவலில் விறுவிறுவென்று ஏறினார்கள்.

எதிரே ஒரு குடியானவன் வந்தான். வழி இது அல்ல, திரும்பி ஓடைக்கே போய் அதன் ஓரமாகக் கீழே இறங்குங்கள் என்றான். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவன் பாஷை நன்றாகப் புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. ஆல்ப்ஸ் மலையை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்கள்! எப்போது கடந்தோம் என்பதே தெரியவில்லை.

அன்று இரவு கோண்டோ பள்ளத்தாக்கில், வெறிச்சோடிக் கிடந்த ஒரு பெரிய சத்திரத்தில் தங்கினார்கள். பக்கத்தில் ஆறு. காது செவிடாகும் இரைச்சல். கொட்டு கொட்டென்று விழித்தபடி கழிந்தது இரவு.

இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இன்னொரு கூத்து. அங்கே கடிகாரம் மணி அடிக்கும் முறை வேறு. அது புரியாமல், விடியப்போகிறது என்று எண்ணி நிலா வெளிச்சத்தில் புறப்பட்டுவிட்டார்கள். காட்டில் வழி தவறிற்று. ஒரு பாறையில் படுத்துப் பார்த்தார்கள். பூச்சிக்கடியில் தூக்கம் ஏது!

தங்கைக்கு ஒரு கடிதம்

செப்டம்பரில், சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் இருந்து டாரதிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அழகான இடம் எதைப் பார்த்தாலும், தங்கை கூட இல்லையே என்று மனம் வாடியதாம். செலவுக் கணக்கையும் எழுதினார். கலேயை விட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியும் இருவருக்கும் சேர்த்து 12 பவுன்கூட ஆகவில்லை! இப்படியே போனால் கஞ்சத்தனம் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறதாம்.

பாசல் நகரில் ஒரு படகை விலைக்கு வாங்கினார்கள். ரைன் நதியில் கொலோன் நகர்வரை அதிலேயே போனார்கள். பிறகு பெல்ஜியம் வழியாகத் தாயகம்.

1791 ஜனவரியில் வேர்ட்ஸ்வொர்த் பட்டம் பெற்றார். வெறும் பட்டம்தான். முதன்மை இல்லை. கல்லூரி உத்தியோகமும் இல்லை. பெரியவர்களின் கோபத்தைக் கேட்கவா வேண்டும்?

1793-ல் மலைப் பயணத்தைப் பற்றிய கவிதையை நூலாக வெளியிட்டு, அதை ஜோன்சுக்குக் காணிக்கை ஆக்கினார். சிம்ப்ளான் கணவாயில் நேர்ந்த ஏமாற்றத்தைத் தம் வாழ்க்கைக் காவியத்தில் பாடினார். 1850-ல் அவர் இறந்த பிறகுதான் அது அச்சாயிற்று. அதன் சிறந்த பகுதிகளில் ஒன்று என்று இன்றும் அதைப் போற்றுகிறார்கள்.

மீண்டும் அதே பாதை

1791 கடைசியில் அவர் மறுபடி பிரான்சு சென்றார். அனெத் வாலோன் என்ற பெண்ணை நேசித்தார். 1792 டிசம்பரில் கரோலின் என்ற பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் நடக்கவில்லை. கையில் பணம் இல்லாமல் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு இரு நாட்டுக்கும் யுத்தம் மூண்டது. 1802-ல் சமாதானம் வந்த பிறகுதான், கலே நகரில், ஒன்பது வயது மகளைக் கண்டார். ஜோன்சுடன் முதல் நாள் நடந்த சாலையில் அப்போது தனியே நடந்தார். பழைய தோரணமும் இல்லை. பழைய பாட்டும் இல்லை.

அதே ஆண்டில் லோதர் பிரபு இறந்தார். அவருடைய வாரிசு பாக்கியைக் கொடுக்க முன்வந்தார். தகப்பனார் செத்து ஏறக்குறைய 19 ஆண்டுக்குப் பிறகு!

ஜோன்ஸ் பாதிரியார் ஆனார். 1835-ல் இறக்கும்வரை இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

1820-ம் ஆண்டு, 50 வயதில், மனைவி மேரியையும் டாரதியையும் வேர்ட்ஸ்வொர்த் ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போனார். சிம்ப்ளான் கணவாயில் அப்போது நெப்போலியன் போட்ட அகலமான சாலை இருந்தது. ஆனால் அவர் கண்கள் பழைய ஒற்றையடிப் பாதையையே தேடின. தேடிக் கண்டுபிடித்து, தாமும் ஜோன்சும் தவறாக ஏறிய இடம் இதுதான் என்று தங்கைக்குக் காட்டினார்.

அந்தப் பழைய சத்திரமும் அங்கேயே இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று டாரதிக்கு ஆசை. 30 ஆண்டாகக் கேட்ட கதை ஆயிற்றே! தனியாகப் போகத் துணிவு இல்லை. அண்ணனை வரும்படி அழைத்தாள்.

அவர் வரவில்லை. வாசலோடு நின்றுவிட்டார்.