ஓணான் அன்று என்று சொன்னவர்

பாம்பு, தவளை, மீன் இவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் ‘குந்தர்’ என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டு வருவதை விலங்கியல் மாணவ நண்பர்கள் கண்டிருப்பீர்கள். நம் ஆனைமலையில் மண்ணுக்குள் வாழும் பாம்பு ஒன்றுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அந்த ஆல்பர்ட் குந்தரின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த ஆண்டு 1867.

ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1830-இல் பிறந்தவர் அவர். பாதிரியாராவதற்குச் சமயக் கல்வி பயின்றார்; பிறகு மருத்துவம் படித்தார். இரண்டையும் விட்டு 1857-இல் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சாராயப் புட்டிகளில் கிடந்த பாம்புகளை வகைப்படுத்தும் வேலை! 1864-இல் இந்திய ஊர்வனவற்றைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார்.

அங்கே விலங்கியல் பிரிவின் தலைவர் ஜான் எட்வர்ட் கிரே. நியூசிலாந்தின் துவாத்தாரா என்னும் பிராணியின் மண்டையோட்டுக்கு 1831-இல் ஒரு பெயரும், 1842-இல் முழு உடலுக்கு வேறொரு பெயரும் சூட்டியவர் அவர்தான். அதை ஓணான் கூட்டத்தில் சேர்த்தவரும் அவரே. பார்வைக்கு ஓணானேதான். ஆனால் குந்தர் அறுத்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் இரண்டு எலும்பு வளைவுகள் முழுமையாக இருந்தன. ஓணானுக்குக் கீழ்வளைவு இல்லை. முதுகெலும்புகள் மீனுக்குப் போல இருபுறமும் குழிந்திருந்தன. ஆண் ஓணானுக்குள்ள புணர்ச்சி உறுப்பும் இதற்கில்லை. இது ஓணான் அன்று, தனி வரிசை என்று 1867-இல் அச்சிலேயே அறிவித்தார். மேலதிகாரியின் தீர்ப்பை மாற்றி எழுதுவது எளிதா, நண்பர்களே? ஆயினும் 1875-இல் கிரேயின் பதவி குந்தரிடமே வந்தது.

அவ்வரிசையில் இன்று உயிரோடிருப்பது துவாத்தாரா ஒன்றே. மற்றவை கல்லாகிவிட்டன. குந்தர் பிறந்த ஜெர்மனியிலேயே, சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹோமியோசாரஸ் கிடைத்திருக்கிறது. ஒரு சாண் நீளந்தான் இருக்கும். நம் பக்கத்துக் கோதாவரிப் படுகையிலும் இவ்வினத்தின் சின்னஞ்சிறு தாடைகள் கிடைத்து, 2001-இல் விவரிக்கப்பட்டன. பாம்பும் பல்லியும் இவற்றுக்கு நெருங்கிய பங்காளிகள், உடன்பிறப்புகள் அல்ல.

குந்தரின் இல்லறம் நீடிக்கவில்லை. 1868-இல் மணந்த ராபர்ட்டா, கடற்புழுக்களை அழகுற வரைந்த ஓவியர். மணந்த மறு ஆண்டே, மகனைப் பெற்றபின் மறைந்தார். குந்தர் 1895 வரை மியூசியப் பணியில் இருந்து, 1914-இல் காலமானார்.

துவாத்தாராவுக்கோ நூறாண்டு பெரிதன்று. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் காட்சியகத்தில் ஹென்றி என்ற துவாத்தாரா, நூறு வயதைக் கடந்த பின், 2009-இல் தந்தையாயிற்று.