நெஞ்சுத் தமனியை இருதயத்துக்குத் திருப்பிய டாக்டர் கொலெசோவ்

கழக்கூட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாகத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் காரை விரட்டுகிறார்கள். சோதனைகள் முடிந்து, பைபாஸ் ஆபரேஷன் தேவை என்று தெரிந்ததும் வீட்டாருக்கு ஒரு கேள்வி எழுகிறது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் வைக்க வேண்டுமே, அதைக் காலிலிருந்து எடுப்பார்களா, நெஞ்சிலிருந்தா?

நெஞ்சிலிருந்துதான் என்று 1964ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் ரஷ்ய சர்ஜன் வசீலி இவானோவிச் கொலெசோவ். அதை உலகம் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முற்றுகை நகரில்

கொலெசோவ் 1904ஆம் ஆண்டு ரஷ்யாவின் வடக்கே வோலோக்தா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். லெனின்கிராட் நகரம் அவருடைய வாழ்க்கைக் களமாயிற்று. 1941 முதல் 1944 வரை ஜெர்மன் படை அந்த நகரைச் சூழ்ந்து நின்றது. பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கானோர் மடிந்த அந்த நாட்களில், அவர் அங்கே காயம்பட்டோருக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். 1953இல் லெனின்கிராட் முதல் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறையின் தலைவரானார்.

மார்பெலும்பின் உட்புறம் இரு பக்கமும் ஒரு தமனி இறங்குகிறது. இதில் கொழுப்பு படிவது அபூர்வம். கனடா சர்ஜன் வைன்பெர்க் இந்தத் தமனியை இருதயத் தசைக்குள் புதைத்துப் பார்த்தார். ரஷ்யாவில் டெமிகோவ், நாய்களுக்கு இதைக் கரோனரி ரத்தக்குழாயோடு நேரடியாக இணைத்துக் காட்டினார். அதை மனிதருக்குச் செய்யலாம் என்று கொலெசோவ் துணிந்தார்.

1964 பிப்ரவரி 25ஆம் தேதி. நோயாளிக்கு வயது 44. இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சுத் தமனியின் கீழ்முனையைக் கரோனரி குழாயோடு நூலால் தைத்தார். மேல்முனையை அறுக்கவே இல்லை. அது தன் பழைய இடத்திலிருந்தே ரத்தத்தைக் கொண்டு வந்தது.

இரண்டு தீர்ப்புகள்

அடுத்த மூன்று ஆண்டுகள் இந்த ஆபரேஷனை உலகில் தொடர்ந்து செய்தவர் அவர் ஒருவரே. 1967இல் அவருடைய கட்டுரை அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு அவர் நாட்டின் இருதய மருத்துவர் சங்கமோ, கரோனரி நோய்க்கு அறுவை சிகிச்சை இயலாத காரியம், அதற்கு எதிர்காலமும் இல்லை என்று தீர்மானம் போட்டது. கொலெசோவ் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அதே 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில், அர்ஜெண்டினாக்காரரான டாக்டர் ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து பைபாஸ் செய்தார். கால் சிரை நீளமானது, எடுப்பது சுலபம், பல அடைப்புகளுக்கு ஒரே சிரை போதும். உலகம் அந்த வழியில் போயிற்று.

ஆனால் சிரை, குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் வேகத்தைத் தாங்கித் தாங்கி அதன் சுவர் தடிக்கிறது. 10 ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி அடைத்துப் போயின. நெஞ்சுத் தமனியோ 100க்கு 90 திறந்தே இருந்தது. 1986இல் அதே கிளீவ்லாந்து ஆஸ்பத்திரி கணக்குப் பார்த்தது. இருதயத்தின் முன்பக்கக் குழாய்க்கு நெஞ்சுத் தமனி வைத்தவர்களைவிட, சிரை மட்டும் வைத்தவர்களுக்கு 10 ஆண்டுகளில் மரண அபாயம் 1.6 மடங்கு இருந்தது.

தமனியிலும் ஆபத்து உண்டு

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தமனியே வைக்கலாமே என்று தோன்றும். இரு பக்கத் தமனிகளையும் எடுத்தால் மார்பெலும்புக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சர்க்கரை நோயாளிக்குப் புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். முன்கைத் தமனி திடீரென்று சுருங்கும் சுபாவமுள்ளது. அதை எடுக்குமுன், மற்றத் தமனி ஒன்றே கைக்குப் போதுமா என்று சோதிக்க வேண்டும். அடைப்பு கடுமையாக இல்லாத இடத்தில் அதை வைத்தால், ரத்தம் பழைய வழியிலேயே ஓட, புதுக் குழாய் சுருங்கிப் பயனற்றுப் போகும். ஆகவே முன்பக்கக் குழாய்க்கு இடது நெஞ்சுத் தமனி, மற்றவற்றுக்குச் சிரையோ வேறு தமனியோ என்பது பெருவழக்காயிற்று. வயது, சர்க்கரை, அடைப்பின் அளவு இவற்றைப் பார்த்தே சர்ஜன் முடிவு செய்கிறார்.

இந்தியாவில் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கேரளத்தவரான டாக்டர் கே.எம். செரியன் பைபாஸ் செய்தார். 1976இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. அதே 1976இல் கொலெசோவ் துறைத் தலைமையிலிருந்து விலகினார். கிளீவ்லாந்து கணக்கு வெளிவந்தபோது அவருக்கு வயது 81. 1992 ஆகஸ்டில் காலமானார். அவர் தேர்ந்தெடுத்த தமனியைத்தான் இன்றும் பைபாஸ் ஆபரேஷனில் சர்ஜன்கள் முதலில் தேடுகிறார்கள்.