நீருக்குள் ‘தம்’ கட்டும் முன் வேகவேகமாக மூச்சு விடலாமா? தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கிய ஹால்டேன் கதை

கோடை விடுமுறை விட்டாச்சு. கோட்டூர்புரம், அடையாறு, மயிலாப்பூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் காலையிலேயே துண்டும் நீச்சல் உடையுமாக பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அவர்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். தண்ணீருக்குள் யார் அதிக நேரம் தம் கட்டுவது?

இதில் ஜெயிக்க ஒரு ‘ட்ரிக்’ இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். முங்குவதற்கு முன் பத்து, இருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் உண்மையிலேயே கூடுதல் நேரம் உள்ளே இருக்க முடியும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக புவனேஸ்வரில் இறந்தவர் அவர். ஜே.பி.எஸ். ஹால்டேன்.

யார் இந்த ஹால்டேன்?

மரபணு அறிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கணக்குப் போட்டு விளக்கிய மூவரில் ஒருவர். ஆனால், அவரது வாழ்க்கை முழுக்க இன்னொரு விஷயமும் கூடவே வந்தது. அது மூச்சு.

1892 நவம்பர் 5-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுவாசத்தை ஆராய்ந்த உடலியல் நிபுணர். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை முன்கூட்டியே கண்டுபிடிக்க சிறு பறவைகளைக் கொண்டுபோகும் யோசனையைச் சொன்னவர் அவர்தான். வீட்டிலேயே ஆய்வுக்கூடம் இருந்தது. மகன்தான் முதல் உதவியாளர், சில நேரம் சோதனை எலியும்கூட!

சிறுவனாக இருந்தபோது ஒருமுறை அப்பா அவரைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனார். மீத்தேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையனுக்கு கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கி, கால் தளர்ந்து கீழே விழுந்தான். தரையோரம் நல்ல காற்று இருந்ததால் உடனே தெளிந்துவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தங்கும் என்ற பாடத்தை அவர் படித்தது இப்படித்தான்.

1906-ல், 13 வயதில், ஸ்காட்லாந்து கடலில் முக்குளிப்பு உடையோடு இறங்கினார். ஆழத்திலிருந்து மேலே வருபவர்களுக்கு வரும் உடல் பாதிப்பைத் தடுப்பது எப்படி என்று பிரிட்டிஷ் கடற்படைக்காக அப்பா ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. பையனுக்கு உடை சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே தண்ணீர் கசிந்து ஏறியது. ஆனாலும் பதறாமல் சமாளித்து மேலே வந்தார்.

அப்பா கண்டுபிடித்த ‘அலாரம்’

1905-ல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் ப்ரீஸ்ட்லியும் வெளியிட்ட ஆய்வு, மூச்சு பற்றிய புரிதலையே மாற்றியது. நமக்கு மூச்சு முட்டுவது ஆக்ஸிஜன் குறைவதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், சாதாரண நிலையில் மூச்சு விடச் சொல்லி மூளையை உசுப்புவது கார்பன் டை ஆக்ஸைடு. நுரையீரல் காற்றில் அது வெறும் 0.2 சதவிகிதம் கூடினாலே, நாம் உள்ளிழுக்கும் காற்றின் அளவு சுமார் இரண்டு மடங்காகிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள்.

அதாவது, தம் கட்டும்போது நெஞ்சுக்குள் ஒரு தவிப்பு வருகிறதே, அது கார்பன் டை ஆக்ஸைடு அடிக்கும் அலாரம். ஆக்ஸிஜன் குறைவதற்கு இவ்வளவு பலமான அலாரம் நம் உடம்பில் இல்லை.

மகன் செய்த விபரீத சோதனைகள்

முதல் உலகப் போரில் ஹால்டேன் ராணுவ அதிகாரியாகப் போனார். 1915-ல் ஜெர்மனி குளோரின் வாயுவை ஏவியதும், அதை ஆராய அப்பா பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். போர்முனையிலிருந்த மகனும் வரவழைக்கப்பட்டார். அடைத்த அறைக்குள் குளோரினை நிரப்பி, முகமூடி போட்டும் போடாமலும் ஆட்கள் மாறி மாறி உள்ளே போய்ச் சோதித்தார்கள்.

போருக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில், ரத்தத்தின் அமில-காரத் தன்மையை ஆராய்ந்தார். தேவைக்கு அதிகமாக வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடையும். விரல்கள் மரத்துப்போகும், கைகள் விறைத்துக்கொள்ளும். இந்த ஆராய்ச்சிக்கு அவர் வேறு ஆள் தேடவில்லை. தானே உட்கார்ந்து வேகமாக மூச்சு விட்டார். ரத்தத்தை எதிர்ப்பக்கம் அமிலமாக்க அமோனியம் குளோரைடு கரைசலைக் குடித்து, மூச்சு வாங்க அவதிப்பட்டார்.

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடாவில் ‘தெடிஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கியது. உள்ளே 103 பேர். பிழைத்தவர்கள் 4 பேர் மட்டுமே. இறந்தவர்களில் பலர் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் உதவி கேட்டன. அடைத்த இரும்பு அறைக்குள் தோழர்கள் சிலரோடு மணிக்கணக்கில் இருந்து, கார்பன் டை ஆக்ஸைடு ஏறஏற உடம்பு என்ன பாடுபடுகிறது என்று பார்த்தார். பிறகு கடற்படைக்காக உயர் அழுத்த சோதனைகளும் தொடர்ந்தன. ஒரு சோதனையில் அதிக அழுத்த ஆக்ஸிஜனால் வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி கடைசிவரை போகவில்லை.

சரி, அந்த ‘ட்ரிக்’கில் என்ன ஆபத்து?

இப்போது நீச்சல் குளத்துக்குத் திரும்புவோம். நன்றாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுக்க ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. வேகவேகமாக மூச்சு விட்டாலும் அதில் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. ஆனால், கார்பன் டை ஆக்ஸைடு சட்டென்று குறைகிறது. அதாவது, டேங்கில் பெட்ரோல் ஏறவில்லை, எச்சரிக்கை விளக்கை மட்டும் கழற்றிவிட்டோம்.

உள்ளே நீந்த நீந்த ஆக்ஸிஜன் செலவாகிறது. கார்பன் டை ஆக்ஸைடு மறுபடி அலாரம் அடிக்கும் அளவுக்கு ஏறுவதற்குள், மூளைக்குத் தேவையான ஆக்ஸிஜன் தீர்ந்துவிடலாம். தவிப்பு வராது. ‘இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்’ என்று தோன்றும்போதே நினைவு தப்பும். அடுத்து உடம்பு தானாக மூச்சிழுக்கும். அப்போது உள்ளே போவது தண்ணீர்.

கடலில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் ஆழத்தில் இருக்கும்வரை மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் போதுமானதாகத் தெரியும். மேலே வரவர அழுத்தம் குறைந்து, நுரையீரலில் ஆக்ஸிஜனின் அழுத்தமும் சரியும். கரையேற சில அடிகளே இருக்கும்போது மயங்கிப்போவது இதனால்தான்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி நீருக்கடியில் நினைவிழப்பது ஏன் என்பதை, 1961-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் கிரெய்க் மருத்துவ இதழ் ஒன்றில் விளக்கினார். முன்கூட்டியே வேகமாக மூச்சு விடுவதை முக்கியக் காரணமாக அவர் காட்டினார். ஹால்டேன் குடும்பம் கண்டுபிடித்த அதே அலாரம்தான் இங்கே அணைந்துபோகிறது.

வேட்டி, குர்தாவில் ஒரு விஞ்ஞானி

அந்த நேரத்தில் ஹால்டேன் இந்தியாவில் இருந்தார். 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தா வந்து, மஹலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சூயஸ் விவகாரத்தில் பிரிட்டன் நடந்துகொண்ட விதம் பிடிக்காமல்தான் கிளம்பியதாகச் சொன்னார். அறுபது வருஷம் சாக்ஸ் போட்டது போதும் என்று வேடிக்கையாகவும் சொல்வாராம். வேட்டி, குர்தாவுக்கு மாறினார், சைவம் சாப்பிட்டார், இந்தியக் குடியுரிமையும் வாங்கினார். சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’வில் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். பிறகு புவனேஸ்வரில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

1964 டிசம்பர் 1-ம் தேதி புற்றுநோயால் இறந்தார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. உயிரோடு இருந்தபோது சோதனைக்குக் கொடுத்த உடம்பை, இறந்த பிறகும் மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

* முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். நிதானமாக மூச்சு விடுங்கள்.
* நீருக்கடியில் தம் கட்டும் போட்டி வேண்டாம். குழந்தைகளிடம் காரணத்தோடு சொல்லுங்கள்.
* ஆழம் குறைந்த குளம்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிற்கக்கூடிய ஆழத்திலும் மயங்கலாம்.
* தனியாகத் தம் கட்டிப் பயிற்சி செய்யவே கூடாது. அருகில் இருப்பவர் செல்போனைப் பார்க்காமல் உங்களைப் பார்க்க வேண்டும்.
* நீருக்கடியில் ஒருவர் அசையாமல் இருந்தால், விளையாடுகிறார் என்று காத்திருக்காமல் உடனே வெளியே தூக்குங்கள். மூச்சு இல்லையென்றால் செயற்கை சுவாசமும் நெஞ்சழுத்த முதலுதவியும் கொடுத்து, 108-ஐ அழையுங்கள்.

ஹால்டேன் எவ்வளவோ விபரீதமான சோதனைகளைச் செய்திருக்கிறார். ஆனால் அழுத்த அறைக்குள் அவர் போனபோது, வெளியே கண்காணிக்க ஆட்கள் இருந்தார்கள். நம்மூர் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கும் படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவர் கவனமாக இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. உள்ளே இருப்பவருக்கு ஆபத்து தெரியாமல் போகலாம். அதனால்தான் மேலே ஒருவர் விழித்திருக்க வேண்டும்.