மூக்குச் சிந்தக் கற்றுக் கொடுத்த டாக்டர் அம்மா

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறி முடித்தால் மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலா மரம். பொழுது விடிந்ததும் பெரியவர்கள் தோட்டத்து வேலைக்குப் போய் விடுகிறார்கள். சின்னஞ்சிறுசுகள் அங்கன்வாடிக்கு வருகின்றன.

அங்கே "அ, ஆ"வுக்கு முன்னால் சொல்லித் தர வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வெளிக்கு வந்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்கு உரிய இடத்தில் போய் உட்கார வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதுதான் அந்தப் பாடம்.

மலையிலும் சரி, பட்டணத்திலும் சரி, இரண்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இது பெரிய கவலை. இதற்காகவே இப்போது படப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. செல்போனில் வீடியோப் படங்களும் வருகின்றன. கரடிக் குட்டி கோப்பையில் உட்காருகிறது. யானைக் குட்டி கை கழுவுகிறது. இவற்றைக் காட்டினால் பிள்ளை கற்றுக் கொள்ளுமா?

இதற்கு விடை ஓர் அம்மையாரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் வெளிநாட்டுக்காரர். ஆனால் நம் தமிழ்நாட்டில், கொல்லிமலையைப் போன்ற இன்னொரு மலையான கோடைக்கானலில் குடியிருந்தவர். அவர்தான் மரியா மாண்டிசோரி.

பிணத்தோடு தனியாக!

மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதை அந்த நாட்டில் அப்போது யாரும் விரும்பவில்லை. மாண்டிசோரி பிடிவாதமாகப் படித்தார்.

டாக்டருக்குப் படிப்பவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும். ஆண்களோடு ஒரு பெண் நின்று அதைச் செய்யக் கூடாது என்றார்கள். ஆகவே மற்ற மாணவர்கள் போன பிறகு, மாலை வேளையில், பிணங்களுக்கு நடுவே அவர் தனியாக நின்று படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

முதலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. வெறும் அறையில் அந்தப் பிள்ளைகள் அடைந்து கிடந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கீழே சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தடவித் தடவிப் பொறுக்கினார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளுக்கு வேறு வேலையே இல்லை என்பதை மாண்டிசோரி கண்டு கொண்டார்.

மனதில் புதைத்த துயரம்

அவருக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் மரியோ. 1898-ல் பிறந்தான். அவனுடைய தகப்பனாரும் ஒரு டாக்டர். ஆனால் அவர்களுக்குள் திருமணம் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் இது வெளியே தெரிந்தால் மாண்டிசோரியின் வேலையும் பேரும் போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். பிள்ளைக்குச் சுமார் 15 வயது ஆன பிறகுதான் அவனைத் தன்னோடு அழைத்துக் கொள்ள முடிந்தது.

ஊரார் பிள்ளைகளுக்கு வழி காட்டிய தாய், தன் பிள்ளையின் மழலையை அருகிலிருந்து கேட்கவில்லை!

ஏழைகளின் குடியிருப்பு

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியில், ஏழைத் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதியில், மாண்டிசோரி ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாய் தந்தையர் வேலைக்குப் போய் விடுவார்கள். பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். இவர்களை யாராவது ஓரிடத்தில் உட்கார வைத்தால் போதும் என்று கட்டிடத்துக்காரர்கள் நினைத்தார்கள்.

அங்கே வந்த பிள்ளைகள் 50-க்கும் மேல். எல்லோரும் பள்ளிக்கூட வயது வராத வாண்டுகள்.

மாண்டிசோரி முதலில் சாமான்களை மாற்றினார். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலி, மேசை செய்யச் சொன்னார். கைக்கு எட்டும் உயரத்தில் முகம் கழுவும் இடம் அமைத்தார். மரச் சட்டங்களில் துணியைப் பொருத்தி, ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா வைத்தார். பிள்ளைகள் அவற்றைப் போட்டும் கழற்றியும் பழகினார்கள்.

இது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கால்சட்டையைத் தானே அவிழ்க்கத் தெரியாத பிள்ளை, அவசரத்துக்கு என்ன செய்யும்?

கை தட்டிய பிள்ளைகள்

ஒரு நாள் மாண்டிசோரி வேடிக்கையான பாடம் ஒன்று நடத்தினார். மூக்குச் சிந்துவது எப்படி என்பதே பாடம். கைக்குட்டையை எடுத்தார். அதை மடிக்கும் விதத்தைக் காட்டினார். சத்தம் இல்லாமல், பிறர் கண்ணை உறுத்தாமல் மூக்கைத் துடைக்கும் முறையை மெதுவாகச் செய்து காட்டினார்.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்!

மாண்டிசோரி திகைத்துப் போனார். பிறகு காரணம் புரிந்தது. மூக்கு ஒழுகுகிறது என்று அந்தப் பிள்ளைகளை எல்லோரும் திட்டியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று மட்டும் ஒருவரும் காட்டவில்லை. முதல் முறையாக ஒருவர் காட்டினார். பிள்ளைகளின் மானம் காப்பாற்றப்பட்டது.

மாண்டிசோரியின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடத்தில் அடங்கியிருக்கிறது.

அடையாறில் ஓர் அகதி

அவருடைய முறை பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. 1934-ல் அங்கே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம், 69 வயதில், மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்ம ஞான சபையில் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். அவர் இத்தாலி மொழியில் பேசுவார். மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு இத்தாலிக்காரர்கள் பகைவர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். முதிய தாயை அடையாறை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். இளமையில் பிரிந்த மகன், முதுமையிலும் பிரிந்தான்.

ஆகஸ்ட் 31-ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. அந்தப் பிறந்த நாளுக்குப் பரிசாக வைசிராய் மரியோவை விடுதலை செய்தார். பல ஆண்டுகள் வெளியே சொல்ல முடியாத உறவு அது. மகன் என்றே குறிப்பிட்டு அவரைத் தாயிடம் அனுப்பினார்கள்.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கோடைக்கானலில் வாழ்ந்தார்கள். அங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது. இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் 1,000 பேருக்கு மேல். இடுப்பில் குழந்தையோடு சந்தைக்குப் போகும் நம் ஊர்த் தாய்மார்களைப் பார்த்து அவர் வியந்தார். தாயோடு போகும் குழந்தை எல்லாவற்றையும் பார்த்தே கற்றுக் கொள்கிறது என்றார்.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்தில் காலமானார்.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

இனி நம் கேள்விக்கு வருவோம். புத்தகமும் வீடியோவும் உதவுமா?

உதவும். அவையும் ஒரு வகையில் செய்து காட்டுவதுதான். ஆனால் கரடிக் குட்டியைப் பார்த்து விட்டு எழுந்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் கோப்பை இருக்க வேண்டும். அதன் உயரத்துக்கு ஏற்ற இருக்கை வேண்டும். எளிதாகக் கழற்றும் கால்சட்டை வேண்டும். எட்டும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் வேண்டும். இவை இல்லாமல் படம் மட்டும் காட்டுவது, இலை போடாமல் சமையல் வாசனை காட்டுவது போல ஆகும்.

புத்தகத்தை மடியில் வைத்துப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். படத்தில் உள்ளதை நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வீடியோ வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைக் காட்ட வேண்டாம். இது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

அவசரமும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றரை வயது முதல் மூன்று வயதுக்குள் பிள்ளை தயாராகிறது. சிலருக்கு முந்தும். சிலருக்குப் பிந்தும். இரவில் படுக்கை நனையாமல் இருக்க இன்னும் நாள் பிடிக்கும்.

நம் பாட்டிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து, "உஸ்" என்று மெதுவாகச் சத்தம் கொடுப்பார்கள். அந்தக் குரலில் கோபம் இராது. அவர்களிடம் புத்தகம் இல்லை. பொறுமை இருந்தது.

பாயில் ஈரம் பட்டு விட்டதா? அடிக்காதீர்கள். நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள். துடைத்து விட்டு, மறுபடியும் காட்டுங்கள். கொல்லிமலையில் வளரும் பிள்ளைக்கும் மானம் உண்டு. ரோமாபுரியில் அன்று கை தட்டிய பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள்.