மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்களும் ஆதீனத்து ஏடுகளும்

நூல்நிலையத்தில் ஒரு நூல் இருத்தல் வேறு. அது வேண்டுவார் கைக்கு எய்துதல் வேறு. இவ்விரண்டற்கும் இடையே கிடக்கும் தொலைவை யாம் உணர்தற்கு மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாறே சாலும்.

ஐயரவர்கள் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையருக்குப் புதல்வராக 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆம் நாள் தோன்றினார்கள். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பால் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் முதலியவற்றைப் பாடங் கேட்டார்கள். ஆசிரியர் 1876இல் சிவபதமடைந்த பின்னர், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரவர்களின் ஆதரவில் அங்கேயே வாழ்ந்து கற்றும் கற்பித்தும் வந்தார்கள். அக்காலமெல்லாம் சங்கநூலேடுகள் அவ்வாதீனத்துப் புத்தகசாலையிலேயே கிடந்தன. ஆயினும் அவற்றைக் கேட்பாரில்லை.

1880இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினார்கள். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார்கள். ஐயரவர்கள் கற்றவற்றையெல்லாம் கேட்ட முதலியார், சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் பயின்றதுண்டோ என வினவினார். இல்லையென்பதே விடையாயிற்று. அவ்வொரு வினா பூட்டிக் கிடந்த அறைக்குத் திறவுகோலாய் அமைந்தது.

சிந்தாமணியை நச்சினார்க்கினியருரையோடு ஆராயப் புகுந்த ஐயரவர்கள், உரையகத்தே நூற்பெயர் சுட்டாத மேற்கோள்கள் பல வரக் கண்டார்கள். அவை எந்நூலின என்று அறியும் வேட்கை மீதூர, ஆதீனத்துப் பழஞ்சுவடிக் கட்டுக்களை அவிழ்த்து நோக்கினார்கள். எட்டுத்தொகையைச் சார்ந்த மூலங்கள் ஆங்கே வெளிப்பட்டன. மேற்கோளாக முன்னர்க் கண்ட அடிகள் அவற்றுள் இருந்தன. இங்ஙனம் ஒரு நூல் மற்றொரு நூலுக்கு வழிகாட்டியாயிற்று.

சைவர் சைன நூலை அச்சிடுதல் தகுமோ எனக் குறை கூறினாரும் உளர். ஐயரவர்களோ கும்பகோணத்துச் சைனரையே அணுகி, அவர் சமயக் கருத்துக்களைக் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை வெளியிட்டார்கள். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. பிற சமய நூலென்று ஒதுக்காது அவ்வேடுகளைப் பேணிய சைவ மடத்தின் பெருமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

ஐயரவர்கள் 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்திற் சிவபதமெய்தினார்கள். அவர்கள் திரட்டிய ஏடுகளைக் காக்க 1943இல் சென்னையில் அவர்கள் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பெற்றது.

ஏட்டைக் கறையானினின்று காத்தல் பாதித் தொண்டே. கட்டை அவிழ்த்து, உள்ளிருப்பது இன்னதென முதலும் முடிவும் குறித்து அட்டவணை செய்து, நாடி வருவார்க்குக் காட்டுதலே எஞ்சிய பாதி. முதலியார் வினவிய வினாவை ஒவ்வொரு மடத்துப் புத்தகசாலையிலும் யாமும் வினவுவோமாக. இல்லையென விடை வருமேல், கட்டுக்களை ஒருமுறை அவிழ்த்து நோக்கியதுண்டோ என்று மீட்டும் வினவுவோமாக.

திருவருள் முன்னிற்க.